இயற்பியலையும் வானியற்பியலையும் தாமாகவே கற்க எங்கிருந்து தொடங்குவது?

பள்ளியோடு கணிதத்தை நிறுத்திவிட்ட ஒருவர் வானியற்பியலைத் தாமாகவே கற்க எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்கணிதத்தையும் நியூட்டனின் இயக்கவியலையும் ஒருசேரத் தொடங்குங்கள் என்பதே என் பதில். கருந்துளைகளும் பெருவெடிப்பும் சிறிது காலம் காத்திருக்கட்டும். ஒருசேர என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. வேகமும் முடுக்கமும் பேசப்படும் இடத்தில்தான், மாறும் வீதத்தைக் கணக்கிடும் நுண்கணிதப் பகுதியான வகையீட்டுக்கு உயிர் வருகிறது. தனியே படித்தால் அது வெறும் விதிகளாக நின்று விரைவில் மறந்துபோகிறது.

வட்ட இயக்கமும் ஈர்ப்பு விதியும் படித்து முடித்த அன்றே வானியற்பியலுக்குள் நுழைந்துவிடலாம். பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்து, ஒரு சுற்றை ஏறத்தாழ 3.16 கோடி வினாடிகளில் முடிக்கிறது. ஈர்ப்பு விசையே இங்கு மையநோக்கு விசை என்று சமன்பாட்டை எழுதினால், பூமியின் நிறை இருபுறமும் நீங்கி, சூரியனின் நிறை ஏறத்தாழ 2 × 10³⁰ கிலோகிராம் என்று கிடைக்கும். இதைக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். விரிவுரைகளைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். எது புரியவில்லை என்பதைக் கணக்குதான் காட்டிக்கொடுக்கும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து மின்காந்தவியல், பிறகு வெப்ப இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும், அதன்பின் குவாண்டம் இயக்கவியல் என்ற வரிசை போதுமானது. இவற்றில் வெப்பம் பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்லப் பலருக்கும் தோன்றும்; தயவுசெய்து தாண்டாதீர்கள். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பெறும் நிறமாலையில் இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் கோடுகள் வலுவாகத் தெரிவதால், சூரியனின் தனிமச் சேர்க்கையும் பூமியினுடையதைப் போன்றதே என்று ஒரு காலத்தில் வானியலாளர்கள் கருதினர். இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920இல் வெளியிட்ட, எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று வெப்பநிலையைக் கொண்டு கூறும் அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டு வானியலாளர் சிசிலியா பெய்ன் 1925இல் செய்த கணக்கோ, விண்மீன்களில் ஹைட்ரஜன் மற்ற தனிமங்களைவிடப் பன்மடங்கு மிகுதி என்று காட்டியது. சூரியப் பரப்பின் வெப்பநிலையான 5,800 கெல்வினில், கண்ணுக்குப் புலப்படும் கோடுகளை உண்டாக்கும் கிளர்வுற்ற (ஆற்றல் மிகுந்த) நிலையில் இருக்கும் ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 18 கோடியில் ஒன்றுதான். ஆகவே அதன் கோடுகளின் வலிமையை மட்டும் கொண்டு அதன் அளவை மதிப்பிட முடியாது. இந்த எண்ணை, ஒரு வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் உயர் ஆற்றல் நிலையில் இருக்கும் என்று கணக்கிட உதவும் போல்ட்ஸ்மன் காரணியிலிருந்து நீங்களே வருவிக்கும் நாளில், வெப்ப இயக்கவியல் எதற்கு என்ற கேள்வி எழாது.

தொலைநோக்கி இப்போதைக்குத் தேவையில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் திரட்டிய தரவுகள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓரளவு பைதான் நிரல்மொழி தெரிந்தால் போதும். கார்த்திகை விண்மீன் கொத்தின் இடமாறு தோற்றப்பிழை, அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் அதன் இடம் சற்றே மாறித் தெரியும் கோணம், ஏறத்தாழ 0.0074 வினாடிக் கோணம். அதன் தலைகீழை எடுத்தால் தொலைவு 135 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) என்று வரும். பின்னர் அக்கொத்திலுள்ள விண்மீன்களின் நிறத்தையும் ஒளிர்வையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், பெரும்பாலானவை ஒரு குறுகிய பட்டையில் அமைவதைக் காண்பீர்கள். அவை ஏன் அப்படி அமைகின்றன என்பதற்கு விடை தேடும்போது விண்மீன் கட்டமைப்புச் சமன்பாடுகளைத் தொடங்குங்கள்.