அக்காவின் பையோடு போய்விடும் பாடங்கள்

கேள்வி: எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) எட்டுச் சபைகள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் வாராவாரம் பாடத்தையும் படத்தையும் புதிதாகத் தயாரிக்கிறோம். போன வருடம் ஒரு ஆசிரியைக்குத் திருமணமாகி வெளியூர் போனபோது, அவர் வரைந்த சார்ட்டுகளும் கூடவே போய்விட்டன. எட்டுச் சபைக்கும் பொதுவாக ஒரு பாட நூலகம் வைக்கலாம் என்றேன். வாலிபர்கள் ஆப் செய்யலாம் என்கிறார்கள். முப்பது வருடமாகக் கற்பிக்கும் மூத்த ஆசிரியையோ, "என் நோட்டை யாருக்கும் தர மாட்டேன்" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
– தூத்துக்குடி மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆப் வேண்டாம். வாலிபர்களின் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே வைக்கப் பத்துப் பாடம்கூடக் கையில் இல்லாதபோது ஆப்பை வைத்து என்ன செய்வது?

நானும் ஒரு காலத்தில் இந்த வேலையில் கையைச் சுட்டுக்கொண்டவள்தான். சபை அலுவலகத்தில் ஒரு பழைய பீரோவைக் கெஞ்சி வாங்கி, எல்லா ஆசிரியர்களின் படங்களையும் சார்ட்டுகளையும் அதில் அடுக்கினோம். இரண்டே மாதத்தில் நிரம்பிவிட்டது, எங்களுக்கு ஒரே பெருமை. அப்புறம் அதை யாரும் திறக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது பிளானல் துணி யோனாவைப் பூச்சி அரித்திருந்தது. அவரை விழுங்கிய மீன் மட்டும் பத்திரமாக இருந்தது.

பூச்சியை விடுங்கள். யாரும் ஏன் திறக்கவில்லை? உள்ளே படங்கள் இருந்தன, பாடம் இல்லை. 'சகேயு – மனந்திரும்புதல் – லூக்கா 19' என்று ஒரு வரி எழுதி, அட்டையில் வெட்டிய மரம் ஒன்றைக் கூட வைத்திருந்தார்கள். அதை எழுதியவருக்கு அந்த ஒரு வரி போதும், மீதி அவர் மனதில் இருக்கிறது. அடுத்த ஊர் ஆசிரியைக்கு அது வெறும் அட்டை மரம்.

உங்கள் நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பாடமும், அதைத் தயாரித்தவரை முன்பின் பார்த்திராத ஒருவர் சனிக்கிழமை ராத்திரி எடுத்து ஞாயிறு காலை நடத்தும்படி இருக்க வேண்டும். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய குட்டை மனிதர், அதே சகேயுவை எடுத்துக்கொள்வோம். காட்டத்தி மரத்துக்கு அட்டை வேண்டாம், ஒரு நாற்காலி போதும்; வகுப்பிலேயே குட்டையான பையனை அதில் ஏற்றுங்கள் (நாற்காலியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதையும் எழுதுங்கள்). 'ஆயக்காரன்' என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது, வரி வசூலிப்பவர் என்று சொல்லலாம். 'நாலத்தனையாக' (நாலு மடங்காக) என்ற இடத்தில் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு மிட்டாயை வாங்கி, நாலாகத் திருப்பிக் கொடுங்கள். வாழ்நாளுக்கும் மறக்காது. எத்தனை வயதுக்கு, எத்தனை நிமிடம், என்ன சாமான் வேண்டும், மனப்பாட வசனம் எது என்பது மேலே இரண்டு வரியில் இருந்தால் போதும்.

கீழே கால் பக்கத்தைக் காலியாக விடுங்கள். நடத்திவிட்டு வருகிறவர் அதில் எழுத வேண்டும்: 'மிட்டாய்க்குச் சண்டை வந்தது, புளியங்கொட்டை வைத்துச் செய்தேன்.' மூன்று பேர் இப்படி எழுதிய தாளை நான் புத்தம்புதிய வண்ணப் படத்தைவிட உசத்தியாக நினைக்கிறேன். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் 1708இல், தாம் சேர்த்த தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். சுவடிகளின் பெயரோடு அவர் நிறுத்திவிடவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் குறித்து வைத்தார். நாம் பெரும்பாலும் பெயரோடு நின்றுவிடுகிறோம்.

எண்ணிக்கையைப் பார்த்தும் மலைக்க வேண்டாம். வருடத்தில் 52 ஞாயிறு. அசனம் (சபை விருந்து), பரிசளிப்பு, பரீட்சை, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) எல்லாம் போக நாற்பது வாரம் என்று வையுங்கள். எட்டுச் சபை, தலைக்கு ஐந்து பாடம். கணக்கு சரியாகிவிட்டது. ஒரு சபையின் பாடத்தை இன்னொரு சபை ஒருமுறை நடத்திப் பார்த்த பிறகே நூலகத்தில் சேர்ப்பது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம்: ஒவ்வொரு சபையிலும் ஒரு தடித்த ஃபைல், அதன் நகல் கூகுள் டிரைவில். டிரைவ் கணக்கு சேகரத்தின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரியட்டும். இல்லாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் கணக்கும் புறப்பட்டுவிடும். வாட்ஸ்அப் குழு செய்தி சொல்ல மட்டும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பாடத்தைத் தேட முடியாது. கோப்பின் பெயரில் வேதாகமப் புத்தகத்தின் வரிசை எண்ணை முதலில் போடுங்கள். ஆதியாகமம் 01, லூக்கா 42. தானாக வரிசையில் நிற்கும். பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கிலிருந்து யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும்: 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 'தொடக்க நூல்', அவர்களுடைய பதிப்பில் புத்தகங்களும் கூடுதல்.

எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பாடத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'ஆண்டவர்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிற்கும். பழையதை மாற்றித் தரும் கருவிகள் உண்டு. உங்கள் வாலிபர்களை இந்த வேலைக்கு அனுப்புங்கள்.

படங்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கூகுளில் கிடைத்தது என்பதால் அது பொதுச் சொத்து ஆகிவிடாது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, அதை ஆக்கியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாட்டுக்கும் அப்படித்தான். 'ஓப்பன் பைபிள் ஸ்டோரீஸ்' என்று 50 கதைகளைப் படத்தோடு பொது உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள். யாருடையது என்று குறிப்பிட்டு நகலெடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். அதுவும் போதாவிட்டால் உங்கள் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

இனி அந்த அக்கா. அவர் சொல்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. முப்பது வருட உழைப்பை 'கொடுங்கள், நகலெடுத்துவிட்டுத் தருகிறோம்' என்று கேட்டால் யாருக்கும் வலிக்கும். அவர் பெயரில்லாத ஒரு நகல் ஊரெல்லாம் சுற்றுவதையும் அவர் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ஆக்கியவர் பெயர், சபை, ஆண்டு என்று போடுவதாக முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் நோட்டைக் கேட்காதீர்கள். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், அவர் நன்றாக நடத்தும் ஒரே ஒரு பாடத்தைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். நூலகத்தின் முதல் பாடமாக அதுவே இருக்கட்டும். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்குவதற்குள் போய் வாருங்கள். விட்டால் வி.பி.எஸ். வேலை வந்துவிடும், அப்புறம் ஜூனில்தான் அவரைப் பிடிக்க முடியும்.