பழைய ப்ராஜெக்ட்ல சர்ஜ் ட்ராக் சத்தமே வரல்லன்னா

நண்பா, நீங்க சொல்றத பாத்தா சர்ஜ்ங்கிற சிந்த் ப்ளகின்ல (கம்ப்யூட்டர்ல ஓடுற சிந்தசைசர்) பழைய 1.9 வெர்ஷனை எடுத்துட்டு புது சர்ஜ் எக்ஸ்டி போட்டிருக்கீங்க, அதுக்கப்புறம்தான் பழைய ப்ராஜெக்ட்ல ப்ளகின் மிஸ்ஸிங்னு வருது. இது க்ராஷ் இல்ல. எக்ஸ்டிக்கு ப்ளகின் ஐடியே வேற, அதனால உங்க டிஏடபிள்யூ (பாட்டு ரெக்கார்ட், மிக்ஸ் பண்ற சாஃப்ட்வேர்) ரெண்டையும் தனித்தனி சிந்தாதான் பாக்கும். 1.9-ஐ திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கலாம், ப்ராஜெக்ட்ட திறந்து பேட்ச்சை (அந்த சத்தத்தோட செட்டிங்ஸ) சேவ் பண்ணி எக்ஸ்டில லோட் பண்ணுங்க, ஆனா காதால ஒருதடவை ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறமா மாத்துங்க.

ஓப்பன் சோர்ஸ நம்பலாமான்னு கேட்டீங்களே, எனக்கு இதுலதான் நம்பிக்கை அதிகம். சர்ஜே முதல்ல காசுக்கு வித்த சிந்துதான், 2018-ல சோர்ஸ் கோட திறந்து விட்டதாலதான் இன்னும் உயிரோட இருக்கு. கோட மூடி வெச்ச கம்பெனி சிந்துன்னா கம்பெனியோட அதுவும் போயிருக்கும். ஆனா வேலை நடுவுல நைட்லி பில்ட், அதாவது இன்னும் டெஸ்ட்ல இருக்கிற வெர்ஷன், மட்டும் போடாதீங்க (ஆசை யாரை விட்டது!), ஓடுற வெர்ஷனோட இன்ஸ்டாலர ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயே வெச்சுக்கங்க. மிக்ஸ் முடிஞ்சதும் ஒவ்வொரு சிந்த் ட்ராக்கையும் வேவ் ஃபைலா பவுன்ஸ் பண்ணி (ஆடியோவா மாத்தி), மிடியையும் (வாசிச்ச நோட்ஸோட டேட்டா) கூடவே வெச்சிருங்க.