ஆபீஸ் லைட்டுக்கு சென்சார்: வயரா, வயர்லெஸ்ஸா?

வணிகக் கட்டடங்களில் லைட் கட்டுப்பாடு அமைப்பது என் வேலை. மற்றவர்கள் அமைத்துவிட்டுப் போனதைச் சரிசெய்வதும்தான். ஆள் நடமாட்டத்தையோ வெளிச்சத்தையோ பார்த்து லைட்டை இயக்கும் சென்சார் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: கிண்டியில் ஐந்து மாடி பழைய ஆபீஸ் கட்டடம். வயர் சென்சாரா, வயர்லெஸ்ஸா?

பதில்: சீலிங் இன்னும் மூடாத புதுக் கட்டடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வயரை இழுத்துவிடுங்கள் என்பேன். உங்களுடையது ஆட்கள் வேலை பார்க்கும் ஆபீஸ். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து, இரவில் மட்டும் வேலை செய்து, மறுபடி பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் கூலியே சென்சார் விலையைத் தாண்டிவிடும். மாடிகளுக்கு வயர்லெஸ் போடுங்கள். பார்க்கிங், படிக்கட்டு, எலக்ட்ரிக்கல் ரூம் இங்கெல்லாம் பைப் வெளியே தெரிந்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அங்கே வயர்தான் நல்லது. ஒரே கட்டடத்தில் இரண்டும் இருக்கலாம், தவறில்லை.

கேள்வி: டாலி லைனில் எத்தனை ஃபிட்டிங் மாட்டலாம் சார்?

பதில்: டாலி என்பது இரண்டு வயரில் லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை. ஒரு லைனுக்கு 64 முகவரி, ஃபிட்டிங்குக்கு ஒன்று. ஆனால் முழுதாக நிரப்பாதீர்கள். நாளைக்கு ஒரு கேபின் கூடும், அப்போது இடம் இருக்காது. 1.5 சதுர மி.மீ. வயரில் 300 மீட்டர் வரை போகலாம். லைன் முழுவதற்கும் அதிகபட்சம் 250 மில்லிஆம்ப்தான். சென்சார்கள் பலவும் அதே லைனிலிருந்துதான் கரன்ட் எடுக்கும், எல்இடிக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவரைவிட அதிகமாகவே எடுக்கும். முகவரியை மட்டும் எண்ணிவிட்டு இதைக் கூட்டிப் பார்க்காமல் விட்டால் லைன் தடுமாறும். இன்னொன்று, 16 வோல்ட்தானே என்று வெறும் கையால் தொடாதீர்கள். 230 வோல்ட்டோடு ஒரே கேபிளில் போக அனுமதி உள்ள லைன் அது. மெயின்ஸ் என்றே நினைத்துக் கையாளுங்கள்.

கேள்வி: டாய்லெட்டில் உட்கார்ந்திருக்கும்போதே லைட் அணைந்துவிடுகிறது. எல்லோரும் திட்டுகிறார்கள்.

பதில்: கையை ஆட்டிப் பார்த்திருப்பீர்களே! பயனில்லை, உடம்பின் வெப்பத்தைப் பார்க்கும் பிஐஆர் சென்சாருக்கு நேர்ப் பார்வை வேண்டும். தடுப்புக்குப் பின்னால் இருப்பவரை அதற்குத் தெரியாது. அங்கே காதுக்குக் கேட்காத ஒலியால் அசைவைப் பிடிக்கும் அல்ட்ராசோனிக், அல்லது அதுவும் பிஐஆரும் சேர்ந்த இரட்டைத் தொழில்நுட்ப சென்சார் போடுங்கள். ரேடியோ அலையால் அசைவைப் பிடிக்கும் மைக்ரோவேவும் வேலை செய்யும், ஆனால் அது ஜிப்சம் சுவரையும் கண்ணாடியையும் தாண்டிப் பார்க்கும். வெளியே வராண்டாவில் ஒருவர் நடந்தால் உள்ளே லைட் எரியும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வையுங்கள். எதையும் மாற்ற முடியாதென்றால், அணையும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 15க்கு உயர்த்துங்கள். புகார் பாதியாவது குறையும்.

கேள்வி: பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஜனவரியில் ஒழுங்காக இருந்த சென்சார் மே மாதம் ஆள் பக்கத்தில் வந்தால்தான் எரிகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, சென்னை வெயில். பிஐஆர் பார்ப்பது உடம்பின் வெப்பத்துக்கும் பின்னணியின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சுவரும் தரையும் 35 டிகிரியைத் தொட்டால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும், பிடிக்கும் தூரமும் சுருங்கும். தயாரிப்பாளர் காட்டும் 8 மீட்டர் குளிர்ந்த அறைக் கணக்கு. அப்புறம் பொருத்திய இடத்தையும் பாருங்கள். பிஐஆரை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது சீக்கிரம் பிடிக்கும். வண்டி போகும் பாதையின் முனையில் நேராகப் பார்த்தபடி மாட்டியிருந்தால் இடம் மாற்றுங்கள். புதிதாக வாங்குவதென்றால் பார்க்கிங்குக்கு நான் மைக்ரோவேவ்தான் சொல்வேன்.

கேள்வி: ஜிக்பி சென்சார் அடிக்கடி தொடர்பு விட்டுப்போகிறது. வைஃபை காரணமா?

பதில்: இருக்கலாம். ஜிக்பி என்பது சென்சாரும் லைட்டும் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் முறை. அது ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வைஃபையும் பெரும்பாலும் ஓடுகிறது. வைஃபை 1, 6, 11 சேனல்களில் இருந்தால் ஜிக்பியை 15, 20, 25ல் ஒன்றுக்கு மாற்றுங்கள், இடைவெளி கிடைக்கும். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: சாயங்காலம் யாராவது சுவர் சுவிட்சை அணைக்கிறார்களா? பேட்டரி சென்சார் செய்தியைக் கடத்தாது. மெயின்ஸில் இருக்கும் ஃபிட்டிங்தான் அடுத்தவருக்குக் கடத்தும். செக்யூரிட்டி சுவிட்சை அணைத்தால் வழியிலிருக்கும் பாலமே போய்விடும். நான் பார்த்த வயர்லெஸ் புகார்களில் இது சாதாரணம்; வைஃபை மீது பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

கேள்வி: பேட்டரி பத்து வருஷம் என்கிறார்களே?

பதில்: ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் நெருங்கலாம். லிஃப்ட் லாபியில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அண்ணே, 10 ஆம்ப் சென்சார், லோடு 3 ஆம்ப்கூட இல்லை. சென்சாருக்குள் சுவிட்ச் வேலை பார்க்கும் ரிலே ஒட்டிக்கொண்டு லைட் அணையவே மாட்டேன் என்கிறது.

பதில்: தம்பி, அந்த 10 ஆம்ப் ஹீட்டர் மாதிரி லோடுக்கு எழுதியது. எல்இடி டிரைவரில் கெப்பாசிட்டர் இருக்கிறது. ஆன் செய்த கணத்தில் ஒவ்வொன்றும் பல ஆம்பியர் இழுக்கும். முப்பது ஃபிட்டிங் சேர்ந்து இழுத்தால் கான்டாக்ட் வெல்டிங் ஆகிவிடும். எல்இடி லோடு தனியாகக் குறிப்பிட்ட, ஜீரோ கிராஸிங்கில், அதாவது வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில், சுவிட்ச் ஆகும் சென்சார் வாங்கு. இல்லையென்றால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய லோடைத் தாங்கும் ரிலே, போடு.

கேள்வி: ஜன்னலோர லைட்டுகள் மேகம் போகும்போதெல்லாம் ஏறி இறங்குகின்றன. ஊழியர்கள் சென்சாரில் டேப் ஒட்டிவிட்டார்கள்.

பதில்: டேப் ஒட்டினால் சென்சார் இருட்டென்று நினைத்து லைட்டை முழுதாக ஏற்றிவிடும், மின்சாரம் மிச்சமாவதும் போயிற்று. ஊழியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அமைத்தவர் மேல்தான். சென்சார் மேசையைப் பார்க்க வேண்டும், ஜன்னலைப் பார்க்கக் கூடாது. மேசை, கார்ப்பெட் எல்லாம் வந்த பிறகு, இரவில் மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம் வைத்து அளவு செய்ய வேண்டும். காலி அறையின் வெள்ளைத் தரையில் செய்த அளவு கறுப்பு கார்ப்பெட் போட்டதும் பொய்யாகிவிடும். மங்குவதை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து மெதுவாக்குங்கள், கண்ணுக்கே தெரியாது. ஜன்னலிலிருந்து முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் இது போதும். உள்ளே தள்ளியிருக்கும் வரிசைகளுக்குச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: அவசர விளக்கையும் சென்சாரில் சேர்க்கலாமா? கொஞ்சம் மின்சாரம் மிச்சமாகுமே.

பதில்: வேண்டாம். வெளியேறும் வழி லைட் எந்த சென்சாரின் தயவிலும் இருக்கக் கூடாது.