ஜே.என். தீட்சித்: தூதரின் பொறுப்பு எதுவரை?

அன்புள்ள தம்பிக்கு,

1987இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம் பற்றிய உங்கள் கட்டுரையில், அன்று கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித்தின் திறமையை மெச்சி எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு மனம் ஆறவில்லை. என் அப்பச்சி (அப்பா) கொழும்பு செட்டியார் தெருவில் ஏஜெண்டாக இருந்தார்கள். அந்த ஊர்ச் செய்திகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது எங்கள் வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அந்தப் படையே தமிழர்களோடு போரிட்டது. அதற்கு வழி செய்தவர் தீட்சித் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். பேச்சுவார்த்தைக்கு வந்த பிரபாகரனைச் சுடச் சொன்னவரும் அவர்தான் என்று ஒரு ராணுவத் தளபதியே எழுதியிருக்கிறாராமே? பின்னாளில் அவர் காங்கிரஸில் சேர்ந்தார், தேசியப் பாதுகாப்பு ஆலோசகரும் ஆனார். அப்படியானால் கொழும்பில் இருந்தபோதே அவர் கட்சிக்காரர்தானே? இதையெல்லாம் நீங்கள் ஏன் எழுதவில்லை?

தேவகோட்டை வாசகி

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தீட்சித்தைப் பற்றிய பேச்சு நம் பக்கத்தில் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது: காங்கிரஸில் சேர்ந்தார், ஆகவே என்றைக்கும் காங்கிரஸ்காரர். அவருடைய பணிக்காலத்தின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

சென்னையில் 1936இல் பிறந்த அவர் 1958இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். வங்கதேசம் தனி நாடானதும் டாக்கா, 1980களின் தொடக்கத்தில் சோவியத் படைகள் நின்றிருந்த காபூல், 1985 முதல் 1989 வரை கொழும்பு, அதன்பின் இஸ்லாமாபாத் என்று பணியாற்றினார். அவர் இஸ்லாமாபாத்தில் இருக்கும்போதே ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்தார். அடுத்து வந்த வி.பி. சிங், ராஜீவ் அனுப்பிய அமைதிப்படையின் கடைசி அணியை 1990 மார்ச்சில் திருப்பி அழைத்தவர். அவருடைய அரசும், அதற்கடுத்த சந்திரசேகர் அரசும், காஷ்மீர் கொந்தளித்த அந்த நாட்களில், தீட்சித்தையே பாகிஸ்தானில் தூதராக வைத்திருந்தன. 1991 டிசம்பரில் வெளியுறவுச் செயலர் ஆகி, 1994 ஜனவரியில் ஓய்வு பெற்றார். இஸ்ரேலுடன் முழுமையான தூதரக உறவு ஏற்பட்டது அவர் செயலராக இருந்த 1992இல். காங்கிரஸில் சேர்ந்தது ஓய்வுக்குப் பின்னர். 2004 மே மாதம் பாதுகாப்பு ஆலோசகராகி, அந்தப் பொறுப்பில் இருந்தபடியே 2005 ஜனவரி 3 அன்று காலமானார்.

அக்காலத்துக் கொழும்புத் தூதரகத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அவருக்குக் கீழே அரசியல் பிரிவில் இருந்து, யாழ்ப்பாணம் போய்ப் புலிகளோடு நேரில் பேசிய ஹர்தீப் சிங் புரி 2014இல் பாஜகவில் சேர்ந்து பின்னர் மத்திய அமைச்சரானார். 1988 முதல் 1990 வரை அங்கே பணியாற்றி, அமைதிப்படைக்கு அரசியல் ஆலோசகராகவும் இருந்த எஸ். ஜெய்சங்கர் 2019இல் பாஜக அரசின் வெளியுறவு அமைச்சரானார். ஒரே தூதரகத்தில் பணியாற்றியவர்கள் இரண்டு எதிரெதிர்க் கட்சிகளுக்குப் போயிருக்கும்போது, பின்னாளில் அவர்கள் பிடித்த கொடியைக் கொண்டு 1987இன் கொள்கையை விளக்க முடியாது. அதற்காக இந்தப் போக்கை நான் சரி என்று சொல்லவில்லை. தூதர் பதவிக்கும் கட்சி அட்டைக்கும் இடையே சில ஆண்டு இடைவெளியைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தீட்சித்தின் கட்சித் தொடர்பைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொழும்பு அனுபவங்களை அவரே நூலாக எழுதியிருக்கிறார். அதில் சாட்சியும் அவரே, குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே. ராஜீவ் என்ன நினைத்தார், எதை ஏற்றார் என்று அந்நூலில் வரும் இடங்களை, ராஜீவ் உயிரோடில்லாத காலத்தில் ஒருவர் எழுதியது, எழுதியவர் பின்னர் ராஜீவின் கட்சியிலேயே சேர்ந்தவர் என்ற இரண்டு நினைவோடும் படிக்க வேண்டும்.

போருக்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்பதற்கு வருகிறேன். உங்கள் வீட்டு வழக்கத்தை வைத்தே சொல்ல அனுமதியுங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து முதலாளியின் தொழிலை நடத்தப் போகும் ஏஜெண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதி, மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்புவார்கள். கணக்கு முடிந்து ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) ஊருக்கு வந்ததும் முதலாளி இரண்டைப் பிரித்துப் பார்ப்பார். எந்தத் தொழிலில் பணம் போடுவது என்பது அவருடைய முடிவு. இன்னாரை நம்பிக் கொடுக்கலாம் என்று எழுதியது ஏஜெண்டின் சொல். தீட்சித்தையும் அப்படிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். படையை அனுப்பும் முடிவு பிரதமருடையது. ஒப்பந்தத்தின் அரசியல் பகுதிகூடத் தீட்சித் தனியே எழுதியதல்ல. 1986 மே 4 முதல் டிசம்பர் 19 வரை நடந்த பேச்சில் உருவான யோசனைகளை ஒப்பந்தமே ஆதாரமாகச் சுட்டுகிறது. அந்தப் பேச்சை நடத்தியவர்கள் அன்று இணையமைச்சர்களாக இருந்த நட்வர் சிங்கும் நம் கண்டனூர் ப. சிதம்பரமும். அம்பாறையைக் கிழக்கிலிருந்து பிரிக்கும் அந்த டிசம்பர் யோசனையைக் கைவிட்டு, வடக்கையும் கிழக்கையும் இணைத்தது 1987 ஒப்பந்தம். தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடம் என்று அந்த மாகாணங்களை இலங்கை அரசு கையெழுத்திட்டு ஏற்றதும், தமிழ் ஆட்சிமொழி ஆனதும் அதன் வழியாகத்தான். இதற்கெல்லாம் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனவைச் சம்மதிக்க வைத்ததில் தீட்சித்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் திறமையைப் பற்றி நான் எழுதியது இதை வைத்துத்தான்.

ஆனால் ஒப்பந்தத்தோடு 1987 ஜூலை 29 அன்று இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களைத் தனியே எடுத்துப் படியுங்கள் ஆச்சி. திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவுக்குக் கேடாகப் பிற நாட்டுப் படைகளுக்குக் கொடுக்கப்படாது. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்கும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் மறுபரிசீலனை செய்யப்படும். இந்தியாவுக்கு வேண்டியவை இப்படித் தெளிவாக எழுதப்பட்டன. தமிழர்களுக்கு வேண்டிய வடக்கு–கிழக்கு இணைப்போ, 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கில் நடத்த வேண்டிய, குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி தள்ளிப்போடக்கூடிய ஒரு வாக்கெடுப்பில் தொங்கியது. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரண்டு அரசுகள் பேசிய இடத்தில் மூன்றாமவரின் நலன் இப்படித் தளர்வாக எழுதப்பட்டதற்கு, பேச்சை நடத்திய தூதர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அதைவிடக் கனமான பிழை, புலிகள் பணிந்துவிடுவார்கள் என்று அவர் போட்ட கணக்கு. கையெழுத்தான 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு என்று ஒப்பந்தம் கெடு வைத்தது. கையெழுத்துப் போடாத ஒரு இயக்கத்துக்கு, டெல்லி அசோக் ஹோட்டலில் காவலோடு வைத்துப் பேசப்பட்ட அதன் தலைவருக்கு, வைக்கப்பட்ட கெடு அது. ஆகஸ்ட் 4 அன்று யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் பிரபாகரன் பேசியதை நிதானமாகக் கேட்ட எவருக்கும் அவர் மனதார இணங்கவில்லை என்பது புரிந்திருக்கும்.

பிறகு, புலிகளின் அரசியல் பிரிவைச் சேர்ந்த திலீபன். செப்டம்பர் 15 அன்று நல்லூர்க் கந்தசாமி கோயில் அருகே, இந்தியாவிடம் கோரிக்கைகளை வைத்துத் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கி, 26 அன்று இறந்தார். அந்த நாட்களில் தீட்சித் யாழ்ப்பாணம் வந்து புலிகளின் தலைவர்களோடு பேசினார். உண்ணாவிரதப் பந்தலுக்கு அவர் போகவில்லை. போனால் மிரட்டலுக்குப் பணிந்ததாகிவிடும் என்பது அவர் தரப்பு. ஆயிரக்கணக்கான மக்கள் கண்ணீரோடு உட்கார்ந்திருந்த ஒரு இடத்தைப் பேரம் நடக்கும் இடமாக மட்டும் பார்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியப் படை வந்தபோது மாலை போட்டு வரவேற்ற ஊர் அது. படைக்கும் அந்த மக்களுக்கும் நடுவில் இருந்த நல்லெண்ணம் அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் உடைந்தது என்று கருதுகிறேன்.

அடுத்த வாரமே புலிகளின் தளபதிகளான குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பதினேழு பேரைக் கடலில் பிடித்த இலங்கைக் கடற்படை, அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக முனைந்தது. அதைத் தடுக்க ஜெயவர்த்தனவிடம் வாதாடியதாகத் தீட்சித் பதிவு செய்திருக்கிறார், பலன் இல்லை. அக்டோபர் 5 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலி படைத்தளத்தில் சயனைடு தின்று பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 10ஆம் தேதி போர் தொடங்கியது. 21ஆம் தேதி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்களும் நோயாளிகளும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். படை திரும்பியபோது இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர் இறந்திருந்தார்கள். ராமேஸ்வரத்திலும் மண்டபம் முகாமிலும் வந்திறங்கிய அகதிகளை நாம் அருகிலிருந்தே பார்த்தோம். இத்தனைக்கும் ஒரே மனிதரைக் காரணமாக்கினால், டெல்லியும் கொழும்பும் புலிகளும் எளிதில் தப்பித்துவிடுவார்கள்.

சுடச் சொன்ன செய்திக்கு வருகிறேன். அமைதிப்படையின் முதல் களத் தளபதி ஹர்கிரத் சிங், செப்டம்பர் நடுவில் ஓர் இரவு தீட்சித் தம்மைத் தொலைபேசியில் அழைத்து, பேச வரும் பிரபாகரனைக் கைது செய்ய அல்லது சுடச் சொன்னதாகவும், வெள்ளைக்கொடியின் கீழ் வருபவரைச் சுடமாட்டோம் என்று தாம் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறார். ஒரு ஜெனரல் தம் பெயரோடு அச்சில் வைத்த சாட்சியத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அவர் நூல் வெளிவந்தது 2007இல், தீட்சித் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்க வழியில்லாத ஒரு தரப்புச் சாட்சியம் இது. தளபதிக்கும் தூதருக்கும் இடையே கடுமையான பிணக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

25 ஆண்டு கடந்த அரசு ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று இந்திய விதிகள் சொல்கின்றன. 1987 ஜூன் முதல் அக்டோபர் வரை கொழும்புத் தூதரகம் டெல்லிக்கு அனுப்பிய தந்திகள் முழுவதையும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கும்படி நாம் கேட்க வேண்டும்; புலிகளைப் பற்றித் தீட்சித் டெல்லிக்கு என்ன எழுதினார் என்பது அவற்றில்தான் இருக்கும். அவை கைக்கு வரும்வரை, சுடச் சொன்ன செய்தியை 'ஹர்கிரத் சிங் சொல்கிறார்' என்ற அடையோடுதான் எழுதுவேன். நல்லூர்ப் பந்தலுக்கு அவர் போகாததை எழுத அந்த அடை தேவையில்லை.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து