கண்ணைப் பாக்காம பேசினா பொய்யா?

"ஆபீஸ்ல லேப்டாப் காணாம போனதுக்கு உள்விசாரணை பண்ற பொறுப்பை என் தலைல கட்டிட்டாங்க, ஒருத்தர் கண்ணைப் பாத்தே பேச மாட்டேங்கறார், வேர்த்து வழியுது, அவர் பொய் சொல்றார்னு முடிவு பண்ணிக்கலாமா"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

பண்ணிக்காதீங்க. விசாரணைன்னு கூப்பிட்டு உக்கார வெச்சாலே ஒரு தப்பும் பண்ணாதவருக்கும் வேர்க்கும், நாம சொல்றதை நம்ப மாட்டாங்களோன்னு ஒரு பயம், மாட்டிக்கிட்டோமோன்னு ஒரு பயம், ரெண்டும் வெளிய இருந்து பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணைப் பாக்கற கதையும் அப்படித்தான், பழகின பொய்யர் உங்க கண்ணை நேரா பாத்துதான் பேசுவார், நீங்க அதைத்தான் கவனிப்பீங்கன்னு அவருக்கும் தெரியுமே. 2006ல சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒண்ணா சேத்து கணக்கு போட்டாங்க, சுமார் 24,000 பேர் பொய் எது உண்மை எதுன்னு சொன்னதுல சரியா வந்தது 54 சதவீதம்தான். காசை சுண்டிப் போட்டாலே 50 வரும். இதுல வருஷக்கணக்கா விசாரணை பண்ற ஆளுங்களும் பெருசா மேல இல்ல, ஆனா 'எனக்கு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்'ங்கற நம்பிக்கை மட்டும் ஜாஸ்தி இருக்கும்.

அப்ப எதைத்தான் பாக்கறதுன்னா, அவர் சொல்ற விஷயத்தை. முதல்ல அவரைப் பேச விடுங்க. "அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிலேர்ந்து கிளம்பற வரைக்கும் என்னென்ன நடந்துதோ சொல்லுங்க, சின்ன விஷயம்னு எதையும் விடாதீங்க"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும், இதுதான் கஷ்டமே, பாதி பேர் நடுவுல பூந்து பதிலையும் தானே எடுத்துக் குடுத்துடறாங்க. பொய் சொல்றவங்க பொதுவா நாம போய் செக் பண்ணக்கூடிய விவரத்தைத் தவிர்ப்பாங்க, 'யார்கூடவோ பேசிட்டு இருந்தேன்'னு வரும், யார்கூடன்னு வராது.

ரெண்டாவது, கைல இருக்கற ஆதாரத்தை எடுத்த எடுப்புல மேஜைல போடாதீங்க. கதவு திறக்கற கார்டோட பதிவுல அவர் சாயங்காலம் 6.40க்கு ஸ்டோர் ரூம் உள்ள போனதா இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதைக் காட்டி கேட்டா "ஆமா சார், சார்ஜர் எடுக்கப் போனேன்"னு அங்கயே கதை ரெடி ஆயிடும். காட்டாம கேட்டுப் பாருங்க:

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அஞ்சரைக்கு சார்."

"ஸ்டோர் ரூம் பக்கம் போனீங்களா?"

"இல்லயே."

"உங்க கார்டை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"இல்ல சார், பர்ஸ்லயேதான் இருந்துது."

இப்ப காட்டுங்க. நிஜமாவே சார்ஜருக்குப் போனவர்னா பெரும்பாலும் அவரே முன்னாடியே சொல்லிருப்பார். 2006ல உளவியல் ஆய்வாளர் மரியா ஹார்ட்விக்கோட குழு ஸ்வீடன்ல போலீஸ் பயிற்சில இருந்தவங்களுக்கு இந்த முறைய சொல்லிக் குடுத்து சோதிச்சப்போ அவங்க சுமார் 85 சதவீதம் சரியா சொன்னாங்க, சொல்லிக் குடுக்காதவங்க 56தான்.

அதுக்காக முரண்பாடு வந்ததும் திருடன்னு முத்திரை குத்திடக் கூடாது. நாள் மாறி ஞாபகம் வந்திருக்கலாம், இல்ல வேற ஏதோ சங்கடமான விஷயத்தை மறைக்கலாம், "இதை எப்படிப் புரிஞ்சுக்கறது"ன்னு அவரையே கேளுங்க. அப்புறம் இல்லாத ஆதாரத்தை இருக்குன்னு அடிச்சு விடறது வேண்டவே வேண்டாம், பயந்து போய் பண்ணாத தப்பை ஒத்துக்கிட்டவங்க எவ்ளோ பேர் இருக்காங்க.

உங்க கேஸ்ல, அவரைத் திரும்பக் கூப்பிடறதுக்கு முன்னாடி கார்டு பதிவு, கேமரா ரெண்டையும் வாங்கிப் பாத்துடுங்க. வந்ததும் தண்ணி குடுத்து, எல்லார்கிட்டயும் இதே கேள்விதான் கேக்கறோம்னு சொல்லுங்க, நிஜமாவே எல்லார்கிட்டயும் கேளுங்க, சொன்னதை அவர் வார்த்தைலயே எழுதி வெச்சுக்கோங்க. வேர்த்துதுங்கறதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதாதீங்க.