முதல் பிரிட்டிஷ் நாசகாரிகள்: வேகம், கொதிகலன், உடைந்த கப்பல்கள் – கேள்வி-பதில்

1893 முதல் முதல் உலகப்போர் முடியும் வரை பிரிட்டிஷ் கடற்படையில் ஓடிய நாசகாரிக் (டெஸ்ட்ராயர்) கப்பல்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: ஹாவொக்தான் முதல் நாசகாரி என்கிறார்கள். அதற்கு முன்பும் டார்பிடோ (நீரில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடிகலம்) படகுகளை விரட்டும் கப்பல்கள் இருந்தனவே?

இருந்தன. ராட்டில்ஸ்நேக், ஷார்ப்ஷூட்டர் போன்ற டார்பிடோ கன்போட்டுகள் (டார்பிடோவும் ஏற்றிய சிறு பீரங்கிக் கப்பல்கள்) அந்த வேலைக்காகவே கட்டப்பட்டவை. ஆனால் விரட்ட வேண்டிய படகைப் பிடிக்கும் வேகம் அவற்றுக்கு இல்லை. 1892-இல் கடற்படையின் கன்ட்ரோலராக (கப்பல் கட்டுமானத்துக்குப் பொறுப்பான அதிகாரி) இருந்த ஜான் ஃபிஷரிடம், கப்பல் கட்டும் நிறுவனம் நடத்திய ஆல்ஃப்ரட் யாரோ (Yarrow) வேறொரு வழி சொன்னார்: டார்பிடோ படகையே பெரிதாக்கி, அதில் பீரங்கி ஏற்றுவது. அந்த ஆண்டே யாரோ, தார்னிகிராஃப்ட் நிறுவனங்களுக்கு ஆர்டர் போனது. லெயர்டு சற்றுப் பின்னால் சேர்ந்தது.

லண்டன் பாப்லரில் இருந்த யாரோ தளத்தில் ஹாவொக் 1893 ஆகஸ்ட் 12 அன்று நீரில் இறங்கியது. 180 அடி நீளம், 18 அடி 6 அங்குல அகலம், 240 டன். ஒரு 12-பவுண்டர் பீரங்கி (12 பவுண்டு எடைக் குண்டு சுடுவது), மூன்று 6-பவுண்டர், மூன்று 18 அங்குல டார்பிடோ குழல். சோதனை ஓட்டத்தில் 26 நாட் (மணிக்கு 26 கடல் மைல்) வேகத்துக்குச் சற்று மேலே ஓடியது. பீரங்கியும் டார்பிடோவும் ஒரே உடலில் இருந்ததால் எதிரியின் டார்பிடோ படகை விரட்டவும் முடியும், தானே டார்பிடோ படகாக வேலை செய்யவும் முடியும். சில ஆண்டுகளில் பிரிட்டன் தனியாக டார்பிடோ படகு கட்டுவதைக் குறைத்துக்கொண்டது இதனால்தான்.

கேள்வி: புத்தகங்களில் 27 நாட், 30 நாட் என்று இருக்கிறது. பயணக் குறிப்புகளிலோ 13 நாட், 15 நாட். எதை நம்புவது?

இரண்டும் சரி. முதல் எண், கட்டிய நிறுவனம் பணம் வாங்குவதற்காக ஓட்டிக் காட்டிய வேகம். வானிலை பார்த்து நாள் குறிப்பார்கள். குறைந்த சுமை, பொறுக்கி எடுத்த வேல்ஸ் நிலக்கரி, நிறுவனமே பழக்கிய தீயாட்கள், மூன்று மணி நேர ஓட்டம். வேகம் எட்டாவிட்டால் அபராதம். அதனால் விசிறியை (கப்பலை உந்தும் புரொப்பல்லர்) மாற்றி மாற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டினார்கள். அப்படி ஓட்டியும் 33 நாட் என்று ஒப்பந்தமான எக்ஸ்பிரஸ் அந்த வேகத்தைத் தொடவே இல்லை.

பணியில் சேர்ந்த பிறகு கதை வேறு. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 6,000 குதிரைத்திறன் கொண்ட ஒரு 30-நாட் நாசகாரி, குதிரைத்திறனுக்கு மணிக்கு இரண்டரை பவுண்டு நிலக்கரி எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஆறே முக்கால் டன். கிடங்கில் இருப்பது சுமார் 80 டன். பன்னிரண்டு மணி நேரத்தில் காலி. அவ்வளவையும் மண்வாரியால் அள்ளிப் போடும் ஆட்கள் அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடுவார்கள். தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் செலவு பாதிக்கும் வெகு கீழே போய்விடும். 13 நாட்டில் ஓடியதற்குச் சோம்பல் காரணமல்ல.

அலை எழுந்தால் நிலக்கரிக் கணக்கும் உதவாது. முன்தளம் ஆமை ஓடு போல வளைந்த தகடு. நீர் வழிந்தோட வேண்டும் என்பது எண்ணம். நடந்ததோ, முன்முனை அலைக்குள் புகுந்து, கப்பலை இயக்குபவர்கள் நிற்கும் மேடை முழுக்க நீர் அடித்தது. 1903 முதல் வந்த ரிவர் வகைக்கு 25.5 நாட்தான் கேட்டார்கள், ஆனால் பணிச் சுமையோடு ஓடிக் காட்டச் சொன்னார்கள். முன்தளத்தையும் உயர்த்திக் கட்டினார்கள். தாளில் ஐந்து நாட் குறைவான இந்தக் கப்பல், கொந்தளிப்பில் பழைய 30-நாட் கப்பல்களை முந்தியது. எங்களைக் கேட்டால், தொடக்ககால நாசகாரிகளில் உண்மையாகவே கடலுக்கென்று கட்டப்பட்ட முதல் வகை இதுதான்.

கேள்வி: ஹாவொக்கும் ஹார்னெட்டும் ஒரே தளத்தில் பிறந்தவை. ஒன்றுக்கு இரண்டு புகைபோக்கி, மற்றதற்கு நான்கு. ஏன்?

கொதிகலன் வேறு. ஹாவொக்கில் ரயில் எஞ்சின் பாணியில் இரண்டு கொதிகலன். தீயின் சூடான வாயு குழாய்க்குள் போகும், நீர் வெளியே நிற்கும். ஹார்னெட்டில் யாரோவின் நீர்க்குழாய் கொதிகலன் எட்டு. நீர் குழாய்க்குள், தீ வெளியே.

ரயில் பாணிக் கொதிகலனில் கெடுவது குழாய்முனைகள். கொதிகலன் அறையை அடைத்து, காற்றாடியால் அழுத்தம் ஏற்றித் தீயை மூட்டும்போது, குழாய்கள் பொருத்தப்பட்ட தகடு அளவுக்கு மீறிச் சூடாகிறது. நிலக்கரி போடக் கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று அதே தகட்டில் மோதுகிறது. விரிந்து சுருங்கி விரிந்து, குழாய் தகட்டில் பிடி தளர்ந்து ஒழுகுகிறது. குழாய்முனையில் தொப்பி வடிவ இரும்பு வளையம் செருகி, தீ நேரே படாமல் தடுப்பது அன்றைய மருந்து. ஓரளவு பலித்தது.

நீர்க்குழாய் கொதிகலனில் நீர் குறைவு, எடை குறைவு, நீராவி விரைவில் எழும். அதன் தொல்லை வேறு வகை. நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டென்சர் கசிந்து உப்பு நீர் கலந்தால் குழாய் உள்ளே அரித்து வெடிக்கும். நல்ல நீரில்லாமல் அது பிழைக்காது. இருந்தும் வென்றது அதுதான். ஹாவொக்குக்கே 1899-1900-இல் நீர்க்குழாய் கொதிகலன் பொருத்தி, புகைபோக்கி மூன்றானது. மாடல் செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்: இரண்டு புகைபோக்கி என்றால் அதற்கு முந்தைய தோற்றம், மூன்று என்றால் பிந்தையது.

கேள்வி: முன்முனையில் இருந்த டார்பிடோ குழலை ஏன் எடுத்தார்கள்?

முழு வேகத்தில் ஓடும் கப்பலுக்கும் அது ஏவும் டார்பிடோவுக்கும் வேக வித்தியாசம் மிகக் குறைவு; தான் ஏவியதன் மேல் தானே ஏறிவிடும் ஆபத்து இருந்தது. குழல் வாய் நீரை வாரி இறைத்தது, முனையின் எடையும் கூடியது. 30-நாட் வகையில் அதைக் கைவிட்டு, மேல்தளத்தில் திருப்பக்கூடிய இரண்டு குழல்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கேள்வி: டேரிங் கப்பலில்தான் விசிறிச் சிக்கல் முதலில் தெரிந்தது என்பது உண்மையா?

ஆம். தார்னிகிராஃப்ட் கட்டிய டேரிங் தொடக்கச் சோதனைகளில் 24 நாட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் சுழற்சி ஏறியது, வேகம் ஏறவில்லை. விசிறி இலையின் முதுகுப் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, நீர் பிடிவிட்டு வெற்றிடக் குமிழிகள் உண்டாவதை அந்நிறுவனத்தின் சிட்னி பார்னபி கண்டுகொண்டார். இலைப் பரப்பை 45 சதவீதம் கூட்டியதும் கப்பல் 28 நாட் அளவுக்குப் போனது. டர்பைன் (நீராவியால் சுழலும் சக்கர எஞ்சின்) கப்பல்களில் இதே சிக்கல் இன்னும் கடுமை, சுழற்சி பல மடங்கு என்பதால். வைப்பர் என்ற டர்பைன் நாசகாரியில் விசிறியைச் சுழற்றும் தண்டு நான்கு, தண்டுக்கு இரண்டு விசிறி. கோப்ரா என்ற மற்றொன்றில் தண்டுக்கு மூன்று. அத்தனை விசிறிகளும் பரப்பைப் பங்கிடத்தான்.

கேள்வி: கோப்ரா இரண்டாக உடைந்தது எப்படி? டர்பைன் காரணமா?

டர்பைன் மேல் பழி போட்டவர்கள் அப்போதும் உண்டு. விஷயம் உடலில் இருந்தது.

ஆம்ஸ்ட்ராங் தளம் யாரும் கேட்காமலே கட்டி, பிறகு கடற்படைக்கு விற்ற கப்பல் இது. 1901 செப்டம்பர் 17 அன்று டைன் ஆற்றிலிருந்து போர்ட்ஸ்மத்துக்குப் புறப்பட்டது. வழியில் கடல் கடுமையானது. மறுநாள் காலை, அவுட்டர் டௌசிங் திட்டு அருகே, கொதிகலன் பகுதியில் உடல் முறிந்தது. 67 பேர் இறந்தனர். சிறு படகில் தப்பியவர்கள் 12 பேர். டர்பைன் செய்த பார்சன்ஸ் நிறுவனத்து ஆட்களும் இறந்தவர்களில் அடக்கம். கப்பல் தரை தட்டவில்லை, எதிலும் மோதவில்லை, மற்ற நாசகாரிகளைவிட உடல் பலவீனம் என்று விசாரணை மன்றம் முடிவு செய்தது.

ஏன் முறியும்? அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீளமுள்ள, மெல்லிய தகட்டு உடல் அது. அலை முகடு நடுவில் தூக்கினால் இரண்டு முனையும் தொங்கும். மேல்தளத் தகடு இழுபடும். முகடுகள் இரு முனையில் வந்தால் நடு தொய்யும். அதே மேல்தளம் இப்போது நசுங்கும். இழுவையை மெல்லிய தகடு தாங்கிவிடும். நசுக்கும்போது மடங்கிப்போகும். ஒருமுறை மடங்கிய இடம் அடுத்த அலைக்கு நிற்காது.

இதன் பிறகு அமைந்த நாசகாரிக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. லெயர்டு கட்டிய வுல்ஃப் என்ற 30-நாட் கப்பலை உலர்துறையில் நிறுத்தி, முதலில் நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்து நீரை இறக்கினார்கள். பிறகு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்தார்கள். தகடு எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார்கள். பின்பு அதே கப்பலை மோசமான கடலுக்கு அனுப்பி அங்கேயும் அளந்தார்கள். கிடைத்த அழுத்தம் வழக்கமான கணக்கு சொன்னதைவிடக் குறைவு. அதாவது சரியாகக் கட்டிய 30-நாட் உடல் தாங்கும் என்று தெரிந்தது.

வைப்பர், கோப்ரா உடைவதற்கு ஏழு வாரத்துக்குள் முன்பு, ஆகஸ்ட் 3 அன்று, ஆல்டர்னி அருகே பனிமூட்டத்தில் ரெனான்கெ பாறையில் ஏறி அழிந்தது. அதில் ஆட்கள் தப்பினர். இரண்டு பாம்புகளும் போன பிறகு, பைத்தான் என்று இருந்த மூன்றாவது டர்பைன் கப்பலுக்கு வீலாக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மாலுமிகளின் நம்பிக்கையோடு யாரும் விளையாடுவதில்லை.

கேள்வி: 1914-க்கு முன் பெரிய கடற்போர் இல்லை. ஆனாலும் அழிந்த கப்பல்களின் பட்டியல் நீள்கிறதே?

பெரும்பாலும் மோதல், பாறை. 1904-இல் டீகாய், சில்லி தீவுகள் அருகே அருன் என்ற சக நாசகாரியோடு மோதி மூழ்கியது. அதே ஆண்டில் ஸ்பாரோஹாக் யாங்சி ஆற்று வாயில் பாறையில் போனது. 1907-இல் ஏரியல், மால்டா துறைமுகப் பாதுகாப்பைச் சோதிக்கும் பயிற்சியில் அலைதாங்கியில் மோதியது. 1908 ஏப்ரலில் டைகரை பெர்விக் என்ற க்ரூஸர் இரண்டாக வெட்டியது. அதே மாதம் காலாவை அட்டென்டிவ் என்ற க்ரூஸர் இடித்தது.

காரணம் புரியாததல்ல. கறுப்புச் சாயம் பூசிய, தாழ்வான கப்பல். விளக்கணைத்த இரவுப் பயிற்சி. 25 நாட் என்றால் நொடிக்குப் பதின்மூன்று மீட்டர். மேடையில் நிற்பவர் கண்ணில் உப்பு நீர். எதிரே நிழல் தெரிந்து சுக்கானைத் திருப்ப அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

விசித்திரமான இழப்பு ஷாமுவா. 1904 செப்டம்பரில் பட்ராஸ் வளைகுடாவில் வேகமாக ஓடும்போது, கழன்ற தன் விசிறியே அடித்தகட்டைக் குத்திக் கிழித்து மூழ்கியது. அந்தத் தகடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கேள்வி: இந்தக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு வெளியே சண்டை போட்டதுண்டா?

1900 ஜூன் 17, சீனாவின் டாக்கு கோட்டைகள். ஃபேம், வைட்டிங் என்ற இரண்டு 30-நாட் கப்பல்கள், ஆளுக்கொரு படகில் தொண்டர்களை இழுத்துக்கொண்டு ஆற்றில் ஏறி, கரையோரம் கட்டியிருந்த நான்கு சீன நாசகாரிகளைக் கைப்பற்றின. நான்கும் ஜெர்மனியின் ஷிஹாவ் தளத்தில் கட்டியவை, எதிர்ப்பு அதிகமில்லை. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டன. ஃபேமின் தளபதி லெப்டினன்ட் ரோஜர் கீஸ். 1918-இல் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத் தாக்குதலை நடத்தியவர் இவரே. ஃபேம் அந்தப் பக்கமே தங்கி, 1921-இல் ஹாங்காங்கில் விற்கப்பட்டது.

கேள்வி: முதல் உலகப்போரில் இந்தக் கிழடுகளால் பயன் இருந்ததா?

காவல், மற்றக் கப்பல்களுக்குத் துணையாகப் போவது, நீர்மூழ்கி வேட்டை. வீண் பெருமை பேசாமல் சொன்னால், இரண்டாந்தர வேலை. ஆனால் அந்த வேலைக்குக் கப்பல் போதாத காலம். த்ராஷர் 1897-இல் கார்ன்வாலின் டாட்மன் முனையில் பனிமூட்டத்தில் தரைதட்டி, நீராவிக் குழாய் வெடித்துத் தீயாட்களைப் பலிகொடுத்த கப்பல். இருபது ஆண்டு கழித்து, 1917 பிப்ரவரியில், அதுவே யூசி-39 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. ஃபேரி 1918 மே 31 அன்று யூசி-75 மேல் மோதி அதை ஒழித்தது. மோதலில் தன் முன்பகுதியும் நொறுங்கித் தானும் மூழ்கியது. மோதுவதற்கென்று கட்டாத உடல்.

கேள்வி: ஸூபியன் என்பது அச்சுப் பிழையா?

இல்லை. 1916 அக்டோபரில் டோவர் நீரிணைச் சண்டையில் நூபியன் முன்பகுதியை டார்பிடோவில் இழந்தது. நவம்பரில் ஸூலு கண்ணிவெடியில் பின்பகுதியை இழந்தது. இரண்டும் ட்ரைபல் என்ற நாசகாரி வகை. சாத்தம் தளத்தில் ஸூலுவின் முன்பாதியையும் நூபியனின் பின்பாதியையும் ஒட்டினார்கள். வகை ஒன்று, ஆனால் கட்டியவர்கள் வேறு; அகலத்தில் மூன்றரை அங்குல வித்தியாசம் இருந்தது, அதை இணைப்பில் சரிக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டு பெயரையும் சேர்த்து ஸூபியன் என்று வைத்த கப்பல் 1917 ஜூனில் பணிக்கு வந்தது, 1919-இல் விற்கப்பட்டது.

கேள்வி: ஒரு கப்பலின் பணி வரலாற்றைத் தொகுக்க எங்கே தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஹாவொக், டேரிங், ஃபேம் எல்லாம் 1930-களில் வேறு நாசகாரிகளுக்கும் வைத்த பெயர்கள். கட்டிய தளம், நீரில் இறங்கிய தேதி இரண்டையும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

அடுத்து வகை எழுத்து. 1912-13-இல்தான் எழுத்து வந்தது: 27-நாட் கப்பல்கள் ஏ, 30-நாட் கப்பல்களில் நான்கு புகைபோக்கி பி, மூன்று சி, இரண்டு டி. ரிவர் இ, ட்ரைபல் எஃப். 1912 மே மாதமே விற்றுப்போன ஹாவொக்கை ஏ வகை என்று யாராவது எழுதியிருந்தால், அது பிற்காலத்தில் ஒட்டிய சீட்டு.

பிறகு நேவி லிஸ்ட் (கடற்படை அதிகாரிகள், கப்பல்கள் பட்டியல்) மாத வெளியீடுகளில் தளபதி பெயரையும் நிலையத்தையும் ஆண்டுவாரியாகக் குறியுங்கள். இடைவெளியை அக்கால டைம்ஸ் நாளிதழின் கடற்படைச் செய்திப் பத்தி நிரப்பும். மோதல், தரைதட்டல் இருந்தால் லண்டன் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரணைக் கோப்பைத் தேடலாம். வடிவமைப்பு மாற்றங்களுக்கு கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் வைத்திருக்கும் கப்பல் கோப்புகளும் வரைபடங்களும் இருக்கின்றன. எந்தத் தாளிலும் வேகம் என்று ஓர் எண் கண்டால், சோதனை ஓட்டமா பணி ஓட்டமா, எத்தனை டன் சுமையில் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.