கேமரா இருந்தால் போதுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில், ஒரே வளாகத்தில் பல குடும்பங்கள் இருக்கும் ஒரு வளவு வீட்டில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஒன்றேகால் வயது. வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்கு அடுத்த மாதம் திரும்பப் போக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அத்தைக்கு முழங்கால் வலி, பிள்ளையைத் தூக்க முடியாது. எங்கள் வளவிலேயே இருக்கும் ஆச்சி தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கணவரோ பெருமாள்புரத்தில் ஏ.சி., கேமரா எல்லாம் உள்ள காப்பகம்தான் பாதுகாப்பு என்கிறார். அங்கே பெற்றோர் வாசல் வரைதான் வரலாம். யாரை நம்பி விடுவது?

பதில்: அந்தக் காப்பகத்தை முதலில் கழித்துவிடுவோம். பெற்றவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள் என்றால் நியாயம். வரவே கூடாது என்றால் ஏன் என்ற கேள்வி வரத்தான் செய்யும். கேமரா வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பேரேட்டில் கண் வைத்திருக்கும் நீங்கள் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிள்ளை விழுந்தால் அது ஓடிவந்து தூக்கவும் செய்யாது. உங்கள் கணவர் விசாரிக்க வேண்டியது ஆட்களைப் பற்றி. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர் என்பது மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல். பத்து என்பதே அதிகம் என்பேன். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வேறு காப்பகம் பார்ப்பதானால் தரைத்தளத்தில் இருப்பதாகப் பாருங்கள். வெளியேற இரண்டாவது வழி எங்கே, அது பூட்டிக் கிடக்கிறதா, அடுக்களை பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கச் சங்கடப்பட வேண்டாம். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது.

இனி ஆச்சி. ஒன்றேகால் வயதுக்கு, பழகிய மடி நல்ல ஏற்பாடுதான். என் கவலை தண்ணீர். குழாயில் வரும் நேரத்தில் பிடித்து வைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? புறவாசலில் சிமெண்ட் தொட்டி, குளியலறையில் வாளி, அடுக்களை ஓரத்தில் அண்டா. இந்த வயதுப் பிள்ளை வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். தலை கனம் என்பதால் குப்புறக் கவிழும், நிமிரத் தெரியாது. கத்தக்கூட முடியாது, அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. கால் வாளித் தண்ணீரே ஆபத்துதான். ஆகவே ஆச்சி வீட்டுக்கு ஒருநாள் போய், தரையோடு தரையாக உட்கார்ந்து, உங்கள் மகளின் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். தொட்டிக்கு அசைக்க முடியாத மூடி, குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் உயரத்தில் ஒரு கொண்டி, வாளிகளைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். பாளையங்கால்வாய் பக்கத்தில் ஓடுகிறது என்றால் தெருக்கதவுக்கும் கொண்டி வேண்டும்.

அடுத்து, வாயில் போடுவது. கடலை மிட்டாய், வறுகடலை, முழுத் திராட்சை எதுவும் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பிள்ளை தூங்கட்டும் என்று இருமல் மருந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். “நாங்கள் வளர்க்காத பிள்ளையா?” என்று ஆச்சி கேட்கக்கூடும். வாதாடாதீர்கள். டாக்டர் சொன்னார் என்றால் நம் ஆச்சிமார் அடங்கிவிடுவார்கள்.

கேட்கக் கூச்சமான கேள்வி ஒன்றும் உண்டு. அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள்? ஆச்சி கடைக்குப் போனால் பிள்ளை யார் கையில் இருக்கும்? வளவு என்றால் பத்துக் கண்கள் பார்க்கும் என்று நாம் நினைக்கிறோம். எல்லாரும் பார்ப்பார்கள் என்று யாருமே பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. உங்கள் மகளுக்கு நடந்ததைச் சொல்லும் வயதில்லை. தினமும் குளிப்பாட்டும்போது உடம்பைப் பாருங்கள். காரணம் தெரியாத காயம், ஒருவரைக் கண்டதும் மிரண்டு அலறுவது, தூக்கத்தில் திடுக்கிடுவது எல்லாவற்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மூடி மறைப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். சொந்தக்காரர், தெரிந்தவர் என்ற தாட்சண்யத்துக்கு அங்கே இடமில்லை.

கடையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எழுதவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ என்றால், நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் சட்டத் திருத்தம் வந்தது. தனியாகக் கேட்காதீர்கள், பிள்ளை பெற்ற மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் முன்பே இரண்டு வாரம் ஆச்சியிடம் பழக்குங்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரைப் பொழுது. வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லாமல் வந்து நில்லுங்கள்.

பணத்தையும் பேசிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் காசு பேசுவதா என்று அத்தை முகம் சுளிக்கலாம். சும்மா பார்த்துக்கொள்பவரிடம் தொட்டியை மூடினீர்களா என்று கேட்க உங்களுக்கு நா எழாது. மாதச் சம்பளம், பிள்ளையை விடும் நேரம், எடுக்கும் நேரம், ஆனித் தேரோட்டத்துக்கும் உறவுக்காரர் கல்யாணத்துக்கும் ஆச்சி போகும் நாள்களில் நீங்களோ உங்கள் கணவரோ யார் விடுப்பு எடுப்பது என்பது வரை இந்த மாதமே முடிவு செய்துகொள்ளுங்கள்.